சீட்டி

துணிக்கடையில் இப்போது யாரும் சீட்டி கேட்பதில்லை. 'பிரிண்டட் காட்டன்' என்கிறார்கள். பாட்டிமார் பேச்சில்தான் சீட்டிப் பாவாடை, சீட்டித் தலையணை உறை என்று அந்தச் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வடக்கிலிருந்து வந்த சொல். இந்தியில் 'சீண்ட்' என்றால் தெறித்த துளி. அதற்கும் மூலமாகச் சொல்லாய்வாளர்கள் காட்டுவது வடமொழிச் 'சித்ர': பளிச்சென்றது, பல நிறம் கலந்தது. சித்திரம், சித்திரை, உடம்பெல்லாம் புள்ளியோடு பாயும் சீட்டா எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். ஆங்கிலேயர் 'சிண்ட்' என்று எடுத்துக்கொண்டு, பன்மைக்குச் 'சிண்ட்ஸ்' என்றார்கள். நாளடைவில் பன்மையே ஒருமையாகிவிட்டது.

ஆனால் சோழமண்டலக் கரையின் பழைய சீட்டியில் தானாகத் தெறித்த துளி ஒன்றுகூடக் கிடையாது. 1742இல் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இக்கரையில் இருந்து எழுதிய கடிதத்தில் அதன் செய்முறை படிப்படியாக இருக்கிறது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைத்தார்கள். கறுப்பு வரவேண்டிய கோட்டை இரும்பு ஊறிய நீராலும், சிவப்பு வரவேண்டிய இதழைப் படிகார நீராலும் எழுதினார்கள். படிகாரம் தொட்ட இடத்தில் அப்போது சிவப்பே தெரியாது. சாயவேர் கொதிக்கும் பானைக்குள் துணி போனபிறகுதான், படிகாரம் பட்ட இதழ்கள் மட்டும் செக்கச்செவேலென்று எழும். வராத நிறத்தை மனத்தில் கண்டபடி எழுதிய கை அது! நீலத்துக்கு வேறு வழி: நீலம் வேண்டிய இடத்தை விட்டு மற்றதையெல்லாம் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் முக்கினார்கள்.

துவைக்கத் துவைக்கப் பளிச்சிட்ட இந்தத் துணிமேல் ஐரோப்பாவுக்குப் பித்துப் பிடித்தது. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை தடை போட்டது. இங்கிலாந்து 1721இல் உடுத்துவதையே சட்டத்தால் தடுத்தது. லண்டன் நடிகர் டேவிட் கேரிக் வீட்டுக் கட்டிலுக்கென்று போன மசூலிப்பட்டினச் சீட்டியைச் சுங்கத்தார் பறித்துக்கொண்டார்கள். அந்தக் கட்டில் திரைகள் இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன.

பழஞ்சீட்டி எங்கேனும் காணக் கிடைத்தால் இலைகளைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பச்சைக்கென்று தனிச் சாயம் இருந்ததில்லை. அவுரி நீலத்தின்மேல் மஞ்சளைத் தீட்டியே பச்சை பிறந்தது. மஞ்சள் வெயிலுக்கும் தண்ணீருக்கும் தாங்காது. சிவப்புப் பூக்கள் முந்நூறு ஆண்டு கடந்தும் அப்படியே விரிந்திருக்க, அவற்றைச் சுற்றிய இலைகளோ நீலமாக நிற்கின்றன.