முற்றா, எச்சமா?

ஒரு நூலின் முதல் வாக்கியத்தில் வரும் வினை முற்றா, எச்சமா என்பது இலக்கண வகுப்போடு முடிந்துபோகும் வினாவாகத் தோன்றும். எபிரேயரின் படைப்புக் கதையிலோ அவ்வினா, உலகம் எதிலிருந்து தோன்றியது என்னும் பெரு வினாவையே சுமந்து நிற்கிறது. தமிழில் வழங்கும் இரு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு இது விளங்கும்.

ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பெற்று 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு, ஆதியாகமத்தின் முதல் வாக்கியத்தைச் 'சிருஷ்டித்தார்' என்னும் முற்றில் நிறுத்துகிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் கூடி 1995இல் வெளியிட்ட திருவிவிலியம், நூற்பெயரைத் 'தொடக்கநூல்' என மாற்றியதோடு, அவ்விடத்தில் 'படைத்தபொழுது' என எழுதித் தொடரை அடுத்த வசனத்துக்குள் கொண்டு செல்கிறது. வடசொல் நீங்கித் தமிழ்ச்சொல் வந்தது என்று மகிழ்ந்து அவ்வளவில் நின்றுவிடுவோர், முதன்மையான மாற்றத்தைக் காணத் தவறுவர். முற்றாகக் கொண்டால், கடவுள் முதற்கண் வானையும் மண்ணையும் படைத்தார். அதற்கு முன் ஏதும் இல்லை எனப் பொருள் கொள்ள இடமுண்டு. 'படைத்தபொழுது' எனக் கொண்டாலோ, படைப்புத் தொடங்கும் வேளையிலேயே உருவற்ற மண்ணும் ஆழமும் இருளும் நீரும் இருந்தன என்றாகும். அவை எங்கிருந்து வந்தன என்பதை நூல் கூறவில்லை. இன்மையிலிருந்து உலகைப் படைத்தார் என்னும் கொள்கைக்கு அம்முதல் வாக்கியம் தந்த ஊன்று இங்கே நழுவிவிடுகிறது.

இதனைப் புத்துரை என்று ஒதுக்க இயலாது. ஏறத்தாழ நம் இளம்பூரணர் காலத்தவரான, பிரான்சு நாட்டு யூத உரையாசிரியர் ராசி (1040-1105) இவ்வாக்கியம் முற்றுப்பெறவில்லை என்றே உரைத்தார். ஒளி உண்டாகட்டும் என்று கடவுள் கூறும் மூன்றாம் வசனத்தில்தான் தொடர் முடிகிறது என்பது அவர் கருத்து. அடுத்த நூற்றாண்டில் எழுதிய இபின் எஸ்ரா, அஃது இரண்டாம் வசனத்திலேயே முடிகிறது என்றார். திருவிவிலியக் குழுவினரின் தமிழ், இபின் எஸ்ராவின் வழியில் அமைந்துள்ளது.

இவ்வேறுபாடு எழுந்த காரணம், ஏட்டுச்சுவடியோடு பழகிய தமிழாசிரியர்க்கு எளிதிற் புரியும். பழஞ்சுவடிகளில் புள்ளியிட்டு எழுதும் வழக்கம் அருகியதால், மெய்யோ உயிர்மெய்யோ, குறிலோ நெடிலோ என இடம் நோக்கியே துணிய வேண்டியிருந்தது. எபிரேய மூலமும் மெய்யெழுத்துகளாலேயே எழுதப்பட்டது. உயிர்க்குறிகளை மசோரெத்தர் என்னும் யூத அறிஞர் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே இட்டனர். வினையைப் 'பாரா' என்று படித்தால் படைத்தார் என்பதாம். அதே மெய்களைப் 'பெரோ' என்று படித்தால் படைத்தல் எனத் தொழிற்பெயராகிவிடும். மசோரெத்தர் தந்த பாடம் முன்னையதே. ஆயினும் அதற்கு முன் நிற்கும் முதற்சொல், 'இன்னதன் தொடக்கத்தில்' என அடுத்ததை அவாவி நிற்கும் வடிவில் உள்ளது. இலக்கணத்தை நோக்கின் 'படைத்தபொழுது' என்பதே பொருத்தமானது. கிரேக்க, இலத்தீன் மொழிபெயர்ப்புகள் முற்றாகவே கொண்டன என்பது உண்மைதான். அவை மூலம் அல்லவே.

பாபிலோனியச் சான்றும் இதற்குத் துணைசெய்கிறது. நினிவேயில் அகழ்ந்தெடுத்த களிமண் பலகைகளைப் படித்து ஜார்ஜ் சிமித் 1876இல் வெளியிட்ட படைப்புக் காவியமும் 'பொழுது' என்றே தொடங்குகிறது. எனூமா எலிஷ் என்னும் அதன் பெயருக்கே 'மேலே, அப்பொழுது' என்பதுபோன்ற பொருள்தான். அதில் மார்துக் என்னும் தெய்வம், கடலாகிய தியாமத்தைக் கொன்று அவள் உடலைப் பிளந்து வானை அமைக்கிறது. எபிரேயத்தில் ஆழத்தைக் குறிக்கும் 'தெஹோம்' என்னும் சொல் தியாமத்துக்கு உறவுச்சொல். இவ்வொப்புமையை விரித்துக் குங்கெல் 1895இல் நூல் எழுதினார். அதுகொண்டு எபிரேயர் கதை வெறும் படி என்று கூறுவது அவசர முடிபாகும். சொற்கள் இரண்டும் ஒரே செமித்திய வேரின் கிளைகள். ஒன்றினின்று மற்றொன்று பிறந்ததாகக் கொள்ள வேண்டுவதில்லை. தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் போரும் இல்லை. பிளக்கப்படும் உடலும் இல்லை.

இரண்டாம் அதிகாரம் வேறொரு கதை. முதற்கதையில் விலங்கின் பின் மனிதன் வருகிறான். இதில் மனிதனின் பின்னரே விலங்கு. இறைவன் பெயரும் மாறுகிறது. அம்மாற்றத்தைக் கொண்டு இரு மூலங்கள் உண்டென்று பிரெஞ்சு மருத்துவர் ஆஸ்திரூக் 1753இல் எழுதினார். தமிழில் 'தேவன்' என்பது 'தேவனாகிய கர்த்தர்' என்றும், 'கடவுள்' என்பது 'ஆண்டவராகிய கடவுள்' என்றும் மாறுவதால், அவ்வொட்டு நம் மாணவர் கண்ணுக்கும் தெரியும்.

திணையிலும் வேறுபாடு உண்டு. நீரின்மேல் அசைவாடுவது 1871இல் 'ஆவியானவர்', உயர்திணை; 1995இல் 'ஆவி', அஃறிணை. மூலத்தில் உள்ள 'ரூவாஹ்' காற்று, மூச்சு, ஆவி என மூன்றையும் குறிக்கும். தமிழ் 'ஆவி'யும் உயிரையும் மூச்சையும் குறிப்பதோடு, ரிங்லெட் அணைநீர்மேல் விடியலில் எழும் வெண்புகைக்கும் பொருந்தி நிற்பது. 'ஆவியானவர்' என்றதும் அப்பொருள் வளம் சுருங்கிவிடுகிறது. பின்னெழுந்த சமயக் கொள்கை முன்னைய நூலில் ஏறிவிடுகிறது.

பெண்ணைப் படைத்த இடத்தில் மட்டும் இரு மொழிபெயர்ப்பும் 'விலா எலும்பு' என்றே கூறுகின்றன. அங்குள்ள 'த்சேலா' என்னும் சொல், யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் பக்கத்தைக் குறிக்கிறது. அதனால் ராசியும் இவ்விடத்தில் 'பக்கம்' என்றே உரைகண்டார். பக்கம் எனின் பெண் ஆணின் ஒரு பாதி. எலும்பு எனின் அவனுள் ஒரு சிறு துண்டு. முதல் வசனத்தில் அத்துணைத் துணிவு காட்டிய 1995ஆம் ஆண்டுக் குழுவினர், இங்கே பழைய எலும்பையே வைத்துக்கொண்டனர்.