விரித்த துணியை யார் எடுப்பது?

வீட்டில் தையலறை அமைப்பது எப்படி என்று சொல்லும் வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் மூன்று பரப்புகளைப் பற்றிப் பேசுகின்றன: மிஷின் வைக்க ஒன்று, துணி வெட்ட ஒன்று, இஸ்திரி போட ஒன்று. உட்கார்ந்து தைக்கும் மேசைக்கு 28 முதல் 30 அங்குல உயரம். நின்று வெட்டும் மேசைக்கு 36 அங்குலத்தை ஒட்டி. உயரமான பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. முழங்கையை மடக்கி நின்று பார்த்தால் பலகை அதற்குச் சில அங்குலம் கீழே இருக்க வேண்டும். மிஷினுக்கு இடதுபுறம் தாராளமாக இடம் விட வேண்டும், தைக்கும் துணியின் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கும் என்பதால். அது அந்தரத்தில் தொங்கினால் அதன் எடையே இழுத்துத் தையலைக் கோணலாக்கிவிடும்.

இவற்றில் ஒன்றும் தவறில்லை. இதெல்லாம் வசதியானவர்களின் பொழுதுபோக்குப் பேச்சு என்று நாம் ஒதுக்கிவிடுவதுதான் தவறு. இடுப்பு வலிக்கு வர்க்க பேதம் தெரியாது. கால் மிஷினின் பலகை எவ்வளவு சிறியது என்பது தைத்தவர்களுக்குத் தெரியும். சேலைக்கு ஃபால்ஸ் வைக்கும்போது ஐந்தரை மீட்டரும் மடியிலும் தரையிலும்தான் கிடக்கும். வெட்டுவதோ இன்னும் மோசம். பாய் விரித்து, கத்தரி முனை கோரையில் சிக்காமல் இருக்க அதன்மேல் ஒரு போர்வை விரித்து, ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்தபடி வெட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு ஜாக்கெட், இரண்டு சுடிதார் என்றால் மாலையில் எழுந்து நிற்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அந்த 36 அங்குலம் நமக்கும் வேண்டியதுதான்.

என் சண்டை வேறு இடத்தில். இந்த நூல்கள் பரப்பின் உயரத்தைக் கேட்கின்றன, அது யாருடையது என்று கேட்பதில்லை. இதற்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1913இல் கிறிஸ்டீன் ஃபிரெடரிக் என்ற அமெரிக்கப் பெண் 'தி நியூ ஹவுஸ்கீப்பிங்' என்ற நூலை வெளியிட்டார். ஆலைத் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் நேரத்தையும் அளந்த டெய்லரின் முறையை (மேலாண்மை ஆலோசகர் டெய்லர், நம் தெரு டெய்லர் அல்ல) அவர் வீட்டுக்குள் கொண்டுவந்தார். பெண் குனியாமல் வேலை செய்யும்படி மேசையும் தொட்டியும் அவள் உயரத்துக்கு அமைய வேண்டும் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அந்த வேலையை ஏன் அவள் ஒருத்தியே செய்ய வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. 1929இல் அவரே 'செல்லிங் மிஸஸ் கன்ஸ்யூமர்' என்ற நூலில், பெண்களிடம் பொருள் விற்பது எப்படி என்று விளம்பரக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இன்றைய தையலறை வழிகாட்டிகளைப் புரட்டிப் பாருங்கள்: பாதி அளவுகள், மீதிப் பாதி வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல்.

வர்ஜீனியா வுல்ஃப் பூட்டுப் போட்ட அறை கேட்டதும் அதே 1929இல்தான் அச்சானது. வீட்டில் தைக்கும் நம் பெண்களுக்கு அறையே அடுத்த கட்டம். முதலில், விரித்த துணியை மறுநாள் காலையிலும் விரித்தபடியே பார்க்க வேண்டும். மூன்றரை மணிக்குப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்துவிடுவார்கள். அதற்குள் கூடத்தைக் காலி செய்தாக வேண்டும். குண்டூசி குத்திய துணியைச் சுருட்டி பீரோ மேலே வைத்தால் சாக்பீஸ் கோடு உரசி அழிந்துபோகும். இரவு சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, மறுபடி விரித்தால் மறுபடி டேப் பிடித்து மறுபடி கோடு போட வேண்டும். எடுத்து வைத்து மறுபடி போடும் இந்த இரட்டை வேலைக்குக் கூலி கிடையாது. சின்ன வீடுகளுக்கு வழிகாட்டிகள் தரும் தீர்வு, சுவரில் கீல் வைத்து மாட்டும் மடக்குப் பலகை. மடக்கத்தான் வேண்டும் என்பதை அது முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறது.

கடைத்தெருவில் ஆண் டெய்லரின் கடைக்குள் போய் நில்லுங்கள். முன்னால் நீண்ட மேசை, அதன் பின்னால் நின்றபடி, கழுத்தில் டேப்போடு மாஸ்டர். வாடிக்கையாளரிடம் பேசுவது, அளவெடுப்பது, விலை சொல்வது, வெட்டுவது எல்லாம் அந்த மேசையில். மிஷின்கள் பின்னால். திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும் கட்டிங் மேசை பெரும்பாலும் ஆண்கள் பக்கம். பெண்கள் மிஷினிலும், பிசிறு வெட்டும் செக்கிங்கிலும். வெட்டுகிறவர் மாஸ்டர், தைக்கிறவர் பீஸ் ரேட்டுக்காரர். மேசை என்பது இங்கே வெறும் பலகை இல்லை, தொழிலின் தலைமை இடம். வீட்டில் தைக்கும் பெண் அளவு எடுக்கிறாள், வெட்டுகிறாள், தைக்கிறாள், ஊக்கும் வைக்கிறாள். மாஸ்டரின் வேலை முழுவதும் அவளுடையது. தரையில் செய்வதால் அது வீட்டு வேலையின் மிச்சம்போலத் தெரிகிறது. "சும்மா வீட்டில் இருக்கும்போது தைக்கிறாள்" என்று புருஷனும் சொல்கிறான், துணி கொடுப்பவரும் சொல்லிக் கூலியைக் குறைக்கிறார்.

அரசுக்கும் இந்தப் பார்வைதான். தமிழ்நாட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. அதனால் பிழைத்த பெண்களை எனக்குத் தெரியும், குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் தையல் வகுப்பில் நீண்ட மேசையில் நின்று வெட்டப் பழகியவள், சான்றிதழோடும் மிஷினோடும் வீட்டுக்கு வந்து தரையில் மண்டியிடுகிறாள். மிஷின் தொழிற்கருவி என்று அரசுக்குத் தெரிகிறது. மேசை மட்டும் தட்டுமுட்டுச் சாமான் ஆகிவிடுகிறது. வீடுசார் வேலையைப் பிற கூலி வேலைக்குச் சமமாக நடத்தச் சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996லேயே வந்துவிட்டது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

எங்கள் தெருவில் தைக்கும் அக்கா வீட்டில் ஒரு சாப்பாட்டு மேசை இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் அதில் யாரும் சாப்பிடுவதில்லை. துணி விரித்தது விரித்தபடி கிடக்கும். மாமியார் உட்படத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பிள்ளைகள் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். பட்டாசும் புதுத் துணியும் அந்தப் பணத்தில்தான் வரும் என்பதால் யாரும் முணுமுணுப்பதில்லை. தீபாவளி மறுநாள் காலையில் மேசையில் இட்லிப் பாத்திரம் வந்துவிடும். அக்கா பாயை எடுத்து விரிப்பாள். போன வருடம், பொங்கல் வரைக்கும் அப்படியே விட்டுவிடலாமே என்று கேட்டுப் பார்த்தாளாம். "எப்பவுமா தீபாவளி?" என்றாராம் வீட்டுக்காரர்.