ஆணி இல்லாத பொருத்து

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான கோல்கொண்டே, ஜப்பானிய மரவேலை உணர்வு தமிழ் மண்ணில் அழகாக வேர்பிடித்த இடம். டோக்கியோவில் அலுவலகம் நடத்திய ஆன்டொனின் ரேமண்ட் வரைந்த கட்டடம் அது. கட்டுமானத்தை நேரில் கவனிக்க வந்த ஜார்ஜ் நகாஷிமா, அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக் கட்டடக்கலைஞர். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயரிட்டார். அறைகளின் தேக்குக் கதவுகள் பக்கவாட்டில் நகர்பவை. அவற்றின் சட்டங்கள் முன்னும் பின்னுமாக மாறிமாறி அமைந்திருப்பதால் காற்று உள்ளே வரும், பார்வை வராது. புதுச்சேரியின் புழுக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதவு இருக்க முடியாது. அறைகளுக்கான தேக்குச் சாமான்களையும் நகாஷிமாவே வடிவமைத்தார்.

ஆனால் மரவேலையை அவர் ஆழமாகக் கற்றது பிறகுதான். 1942-இல் போர்க்காலத் தடுப்பு முகாமில், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், கெண்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரின் பக்கத்தில் நின்று ஜப்பானியக் கருவிகளைப் பழகினார். நம் ஆசாரி இழைப்புளியை முன்னே தள்ளுவார். ஜப்பானியத் தச்சர் தன்னை நோக்கி இழுப்பார். ஜப்பானிய ரம்பமும் இழுக்கும்போதே வெட்டும். இழுக்கும்போது தகடு விறைத்து நிற்பதால் அதை மிக மெல்லியதாக அடிக்கலாம். வெட்டும் மெல்லியதாகும், ஒரு மரத்தின் நாக்கு மற்றதன் துளைக்குள் இறுகி உட்காரும். ஆணியைத் தவிர்ப்பதற்கும் காரணம் உண்டு. மழையில் ஊதி வெயிலில் சுருங்குவது மரத்தின் இயல்பு. இரும்பு அதற்கு இடம் கொடுக்காது, மரப்பொருத்து கொடுக்கும். பலகையில் விரிசல் கண்டால் நகாஷிமா அதை மறைக்கமாட்டார். குறுக்கே பட்டாம்பூச்சி வடிவில் ஒரு கட்டையைப் பதித்து நிறுத்துவார். மரத்துக்குச் செய்யும் மரியாதை அது.

1964-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்காகவும் அவர் சாமான்களை வடிவமைத்தார். 1990-இல் அவர் மறைந்தபின் பென்சில்வேனியாவில் இருந்த அவருடைய பட்டறையை மகள் மீரா தொடர்ந்து நடத்தினார்.

ஆணி இல்லாமல் மரத்தைப் பொருத்தும் நுட்பம் ஏட்டில் ஏறாது. உளி எந்த இடத்தில் மரத்தின் ஓட்டத்தை எதிர்க்கிறது என்பதைக் கைதான் அறிய வேண்டும். ஜப்பான் 1974-இல் மரபுக் கைவினைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அங்கே மரபுக் கைவினைஞர் தேர்வை எழுதவே 12 ஆண்டு அனுபவம் வேண்டும். அப்படியிருந்தும் பட்டறைகளுக்கு இளைஞர் வரத்து குறைந்துவருகிறது.

இந்தியாவின் தொழிற்பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. தொழில் நிறுவனங்களை மையமாகக் கொண்டது. 2023-இல் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் தச்சர்களும் உண்டு. அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாள். தொழில் தெரிந்தவருக்கு அது உதவும். இழைப்புளியை முதன்முறை தொடுபவருக்கு அது போதவே போதாது.

தொழிலை முதலிலிருந்து கற்பவர்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். எடுத்துக்காட்டாக, சந்தனத்துக்குப் பெயர்பெற்ற ஜவ்வாது மலையின் பழங்குடி இளைஞர்கள் பிழைப்புத் தேடி மலையிறங்குகிறார்கள். அவர்களில் விருப்பமுள்ளவரை நல்ல ஆசாரியிடம் சேர்த்து, கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும் குறைந்தது மூன்று ஆண்டு ஊதியம் கொடுக்க அரசு முன்வர வேண்டும்.