சுங்குடியும் விண்மீன் கூட்டமும்

மதுரைச் சுங்குடிச் சேலையைப் பற்றி எழுதுவோர் பலர், அதன் புள்ளிகள் இரவு வானத்தைப் பார்த்து அமைந்தவை என்று கூறிச் செல்கின்றனர். அழகிய கூற்றுதான், ஆயினும் கலையின் உயர்வை அது குறைத்துவிடுகிறது. வானில் விண்மீன்கள் உண்டு. அவற்றைக் கூட்டங்களாக்குவது மனிதப் பார்வையே.

வடவானின் ஏழு மீன்களில் கிரேக்கர் கரடியைக் கண்டனர்; நம் முன்னோர் ஏழு முனிவரைக் கண்டனர். பண்டை அரபிகளோ நான்கைச் சந்தூக்காகவும், மூன்றை அதன்பின் செல்லும் பெண்மக்களாகவும் கண்டு 'பனாத்து நஃஷ்' என்றனர். அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி கி.பி. 964 அளவில் எழுதிய 'ஸுவருல் கவாகிப்' நூலில் ஒவ்வொரு கூட்டத்தையும் இருமுறை வரைந்தார்: தரையிலிருந்து காண்பவருக்குத் தோன்றுமாறு ஒன்று, வான்கோளத்தின் வெளியிலிருந்து கண்டால் தோன்றுமாறு மற்றொன்று. உருவம் பார்ப்பவரைச் சார்ந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சுங்குடியும் இத்தகையதே. குஜராத்திலிருந்து வந்து மதுரையில் குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கைத்தொழில் இது. துணியை மடித்து, குறியிட்டு, சிறிதளவு கிள்ளியெடுத்து நூலால் இறுகக் கட்டுவர். சாயத்தில் தோய்த்தபின் முடிச்சை அவிழ்த்தால், கட்டிய இடம் மட்டும் வெண்புள்ளியாகத் தெரியும். ஒரு சேலைக்கு இவ்வாறு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். கட்டுகின்ற பெண் தம் கோலத்தைத் தாமே காண்பதில்லை என்பது சிந்திக்கத்தக்கது. அவிழ்க்கும்வரை அவர் விரல்களுக்கு மட்டுமே அது தெரியும். ஒரு புள்ளி சற்றே பெரிது, மற்றொன்று சற்றே விலகியது. பூ எங்கும் வரையப்படவில்லை. இடைவெளிகளைக் கண் இணைக்கும்போதே அது மலர்கிறது.

ஹிஜ்ரி 471இல் மறைந்த இமாம் அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானி (ரஹ்) மொழியைப் பற்றிச் சொன்னதும் இதுவே. தனிச்சொல்லுக்குச் சிறப்பில்லை, சொற்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் 'நள்ம்' என்னும் அமைப்பிலேயே பொருளும் அழகும் பிறக்கின்றன என்றார். சுங்குடி, நூலால் எழுதப்பட்ட நள்ம்.

2005ஆம் ஆண்டில் மதுரைச் சுங்குடி புவிசார் குறியீடு பெற்றது. எனினும் இன்று கடைகளில் அப்பெயரால் மிகுதியாக விற்பவை மெழுகு அச்சும் திரை அச்சும் பதித்த துணிகள். அவற்றை இகழ வேண்டியதில்லை. மதுரை வெயிலுக்கேற்ற பருத்தி. விலையும் எளியோர்க்கு எட்டுவது. நாளெல்லாம் முடிச்சிடுபவருக்கு உரிய கூலியை அவ்விலையில் எவரும் தர இயலாது. ஆனால் அச்சில் எல்லாப் புள்ளிகளும் ஒன்றே. கண்ணுக்கு இணைக்க எதுவும் எஞ்சுவதில்லை. அதற்கு வேறு பெயர் இருத்தல் வேண்டும்.

கையால் கட்டிய துணியில் முடிச்சு இருந்த இடம் சிறு சுருக்கமாக எஞ்சும், தடவினால் தெரியும். அதை நன்றாக இஸ்திரி போட்டுத் தருமாறு கேட்கும் வாடிக்கையாளரும் உளர்.