நிலத்தடியில் மூன்று பயணம்: 'மெட்ரோ' ஆட்டங்கள் குறித்து ஓர் ஆய்வு

சங்க மலரில் சிலம்பையும் குறளையும் ஆராய்வதே வழக்கம். இம்முறை யாம் எடுத்துக்கொண்ட பொருள் கணினியில் ஆடும் ஆட்டம் என்று கேட்டதும், மலர்க்குழு அன்பர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் அணிந்துகொண்டார். மறுப்பேதும் சொல்லவில்லை. தங்கவயலில் பிறந்தவன், நிலத்தடி வாழ்வைப் பொருளாகக் கொண்ட படைப்பு ஒன்றைப் பற்றி எழுதாமல் வேறு எவன் எழுதுவது என்று யாமே எமக்குச் சமாதானம் கூறிக்கொண்டோம்.

உருசிய எழுத்தாளர் திமித்ரி குளுகோவ்ஸ்கி 'மெட்ரோ 2033' என்னும் புதினத்தை 2002-இல் இணையத்தில் வெளியிட்டார். 2005-இல் அது அச்சேறியது. அணுப்போரில் உலகம் அழிந்தபின் மாஸ்கோவின் சுரங்க ரயில் நிலையங்களில் ஒண்டிக்கொண்ட மக்களின் கதை அது. ஒவ்வொரு நிலையமும் ஒரு குட்டி நாடு. மேலே நச்சுக்காற்று, கீழே இருட்டு. உக்ரைனின் கீவ் நகரில் 2006-இல் தொடங்கப்பெற்ற 4ஏ கேம்ஸ் நிறுவனத்தார் இப்புதினத்தை ஆட்டமாக்கினர். முதல் ஆட்டம் 2010-இலும், 'லாஸ்ட் லைட்' 2013-இலும், 'எக்ஸோடஸ்' 2019-இலும் வெளிவந்தன. மூன்றிலும் நாயகன் ஆர்த்தியோம் என்னும் இளைஞன். இம்மூன்றனுள் சிறந்தது எது என்பதில் எமக்கும் எம் மகனுக்கும் ஓராண்டாக வழக்கு. அவன் பெங்களூரில் பொறியியல் பயில்பவன். மூன்றாவதே சிறந்தது என்பான். யாம் முதலாவதின் பக்கம் நின்றோம். நடுவராக அமர்ந்தவர் எம் தந்தையார். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருபத்தேழு ஆண்டுகள் கூண்டில் இறங்கி ஏறியவர் அவர்.

முதல் ஆட்டத்தின் பெருமை துப்பாக்கியில் இல்லை, மூச்சில் உள்ளது. மேல்தளத்தில் நடக்கும்போது முகமூடி அணிந்தாக வேண்டும். அதன் வடிகட்டி சிறிது நேரமே உழைக்கும். மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே அடியெடுத்து வைக்கிறோம். அடிபட்டால் முகமூடிக் கண்ணாடி விரிசல் விடுகிறது, மூச்சொலி கனக்கிறது. கைவிளக்கின் மின்கலம் தீர்ந்தால், சிறு கருவி ஒன்றைக் கையால் அழுத்தி அழுத்தி ஏற்ற வேண்டும். இவற்றை முதன்முதலாகப் பார்த்தபோது எம் தந்தையார் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, "இந்தப் பையன் துப்பாக்கியையே பார்க்கிறானே, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா?" என்று கேட்டார். எத்தனை திறனாய்வு படித்தாலும் எமக்கு அக்கேள்வி தோன்றியிராது. கீழே போகிறவன் முதலில் நம்புவது காற்றை; அடுத்து விளக்கை; மூன்றாவதாக உடன் வருபவனை. ஆயுதம் அப்பட்டியலில் இல்லை. முதல் ஆட்டம் இந்த வரிசையைப் பெரும்பாலும் அறிந்திருக்கிறது.

பழைய நூலகக் காட்சி ஒன்று இதற்குச் சான்று. அங்கு உலவும் பேருருவப் பிறவிகளைச் சுட்டுக்கொண்டே போனால் கையிருப்புக் குண்டெல்லாம் தீர்ந்துவிடும். கண்ணோடு கண் நோக்கி அசையாமல் நின்றால் அவை விலகிச் செல்லும். சுடும் ஆட்டம் ஒன்று, சுடாதே என்று கற்பிக்கும் இடம் அது. இன்னொன்று, கான் என்னும் துறவி போன்றவன் ஆர்த்தியோமை அழைத்துச் செல்லும் குகைவழி. முன்னாளில் அங்கு மாண்டவர்களின் நிழல்கள் விளக்கொளியில் சுவரில் ஓடுகின்றன. அவற்றிற்கு வழிவிட்டு ஒதுங்கி நடக்க வேண்டும். இவ்விடத்தில் தந்தையார் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். அச்சத்தால் அன்று. பாறை வெடிப்பில் மாண்ட தம் தோழர் இருவர் பெயரைச் சொன்னார். அவர்கள் வேலை செய்த பகுதியைக் கடக்கும்போதெல்லாம் நடையைத் தாழ்த்தும் பழக்கம் தமக்கு இருந்தது என்றார். தங்கவயலில் அவ்வெடிப்பை முன்பு 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். இளையோர்க்கு அச்சொல்லும் மறந்துவிட்டது.

குறை ஒன்றையும் அவரே கண்டார். "இவ்வளவு ஆழத்தில் இவர்கள் கம்பளி போட்டிருக்கிறார்களே!" எங்கள் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. அங்கே பாறையின் வெப்பம் அறுபது பாகை செல்சியசைத் தாண்டும். குளிரூட்டிய காற்றைக் கீழே அனுப்பித்தான் மனிதரை நிறுத்த முடிந்தது. மாஸ்கோ ரயில் சுரங்கம் அதன் பக்கத்தில் கிணறு. உலகின் மிக ஆழமான ரயில் நிலையங்களுள் ஒன்றாகச் சொல்லப்படும் கீவ் நகரத்து அர்செனல்னா நிலையமே சுமார் 105 மீட்டர்தான். ஆகவே கம்பளியை மன்னித்துவிடலாம் என்று அவரைச் சமாதானப்படுத்தினோம்.

நாணயம் பற்றியும் ஒரு சொல். முதலிரண்டு ஆட்டங்களிலும், போருக்கு முன் செய்த நல்ல குண்டுகளே பணம். நெருக்கடியில் அவற்றையே துப்பாக்கியில் இட்டுச் சுடலாம்; ஆனால் ஒவ்வொரு சுடுதலும் செலவு. உயிரையும் செல்வத்தையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கிய இந்த ஏற்பாட்டைக் காட்டிலும் கூர்மையான கற்பனை மூன்றாட்டங்களிலும் இல்லை. எக்ஸோடஸில் இதனை எடுத்துவிட்டார்கள். அங்குக் கிடைக்கும் பழைய இரும்பையும் வேதிப்பொருளையும் கொண்டு, முதுகுப்பையிலேயே வடிகட்டியைச் செய்துகொள்ளலாம். வசதிதான். வசதி வந்ததும் மூச்சின் அருமை போயிற்று.

இரண்டாவதான லாஸ்ட் லைட் குறித்து யாம் அதிகம் சொல்லப்போவதில்லை. அழகிய ஆட்டம். முகமூடிக் கண்ணாடியில் படியும் நீரையும் குருதியையும் கையால் துடைக்கும் செயலை அதுதான் கொணர்ந்தது. அச்சிறு செயல் நூறு வருணனைக்குச் சமம். ஆயினும் மறைந்து செல்லுதலும் கொல்லுதலும் அதில் மிக எளிது. பெண்களைக் காட்டியிருக்கும் முறையில் சில இடங்கள் எமக்கு அருவருப்பே தந்தன. இன்னொரு வழக்கும் உண்டு. முதல் ஆட்டத்தில், இரவலர்க்குக் குண்டு ஈவது, பிறர் துயரை நின்று கேட்பது போன்ற செயல்களை ஆட்டம் மறைவாக எண்ணிக்கொண்டே வந்து, அத்தகையோர்க்கு மட்டும் இறுதியில் ஏவுகணைகளைத் தடுக்கும் வாய்ப்பை அளிக்கிறது. இரண்டாவது ஆட்டமோ அவை ஏவப்பட்டன என்றே தொடங்குகிறது. நாம் செய்த நன்மை ஏட்டில் ஏறவில்லை! கோப்பில் எழுதிய குறிப்பை மேலதிகாரி கிழித்தெறிந்தாற் போன்ற உணர்ச்சி எமக்கு.

ஆனாலும் அதில் ஒரு காட்சிக்காக அனைத்தையும் பொறுக்கலாம். நாடக நிலையத்தில் ஒரு முதியவர் கைவிரல்களால் சுவரில் நிழலுருக்கள் காட்டுகிறார். நிலத்தடியிலேயே பிறந்த பிள்ளைகள் அவ்வுருவங்களை இன்னவை என்று அறியமாட்டார்கள்; தாம் அறிந்த கொடிய பிறவிகளின் பெயரைச் சொல்லிக் கூவுகிறார்கள். சென்ற பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த எம் தமக்கையின் பேத்தி, "தாத்தா கூண்டில் போனார்" என்று யாம் சொன்னதும், "கிளியா?" என்று கேட்டாள். வீடே சிரித்தது. தந்தையாரும் சிரித்தார், சற்றுப் பிந்தி.

இனி எக்ஸோடஸ். மாஸ்கோவுக்கு வெளியே எவரும் உயிருடன் இல்லை என்பதே மக்கள் நம்பிய செய்தி. உண்மையில், வெளியிலிருந்து வரும் வானொலி அலைகளை மறித்துக் கருவிகள் நிறுத்தப்பட்டிருந்தன. அதைக் கண்டறிந்த ஆர்த்தியோம், தன் மனைவி ஆன்னாவோடும் தோழரோடும் அரோரா என்னும் நீராவி வண்டியில் கிழக்கே புறப்படுகிறான். வோல்கா ஆற்றங்கரை, வறண்ட காஸ்பியன் படுகை, டைகா காடு என ஓராண்டுப் பயணம். விரிந்த வெளி, இரவு பகல் மாறும் வானம். எமக்கு முதலில் இது பிடிக்கவில்லை. நிலம் அகன்ற அளவுக்கு ஆட்டத்தின் இறுக்கம் தளர்ந்துவிட்டது என்றோம். இப்போதும் அக்கருத்தை முழுதும் கைவிடவில்லை. நோவோசிபிர்ஸ்க் நகரத்து அழிந்த சுரங்கப்பாதையில் மீண்டும் இறங்கும்போதுதான் எக்ஸோடஸ் தன் உச்சத்தைத் தொடுகிறது என்பதே எம் வாதத்துக்குப் போதிய சான்று.

எம் எண்ணத்தை அசைத்தது வேறொன்று. காலை மாரிக்குப்பம் வண்டியில் நின்றபடி பெங்களூர் செல்லுகையில் தோன்றிற்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் கூறினார். அழிந்த உருசிய நிலம் பாலையன்றி வேறென்ன? பாலைக்கு உரிய பொருள் பிரிவு. அப்பாலை வழியே தலைவியை உடன்கொண்டு தலைவன் செல்லுவதை உடன்போக்கு என்பர். ஆர்த்தியோமும் ஆன்னாவும் செல்லுவது அதுவே. புதுமை யாதெனின், தலைவியின் தந்தையாகிய மில்லரும் அவ்வண்டியிலேயே அமர்ந்து, சினந்தும் கட்டளையிட்டும், கடைசியில் தன் மருந்தை மருமகனுக்கு ஈந்து மடிந்தும் போகிறார். நச்சுப்புகை நுழைந்த ஆன்னாவின் இருமலே கதையின் பிற்பகுதியை நடத்துகிறது. சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் எவர்க்கும் அவ்விருமலின் பொருளை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வாறு நோக்கினால் முதல் ஆட்டம் நிலமும் பொழுதும் கருப்பொருளும் நிறைந்தது, உரிப்பொருள் மெலிந்தது. எக்ஸோடஸ் உரிப்பொருளைக் கண்டுகொண்டது. மகனின் பக்கம் பாதி வழக்கு வென்றது என்று அன்றிரவே ஒப்புக்கொண்டோம்.

மறுபாதியை விட்டுக்கொடுக்க மனமில்லை. உடன்போக்குப் பாட்டுகளில் சென்றவர்களைக் காட்டிலும் நம்மை உருக்குபவர், வீட்டில் நின்று புலம்பும் நற்றாயும் தேடிச் செல்லும் செவிலியும் அல்லரோ? எக்ஸோடஸில் அவர்கள் குரல் எங்கே? வண்டி கிளம்பியபின், இருட்டிலேயே விடப்பட்ட மாஸ்கோ மக்களைப் பற்றிய நினைவு பயணத்தின் பெரும்பகுதியில் தலைகாட்டுவதில்லை. 2001 பிப்ரவரி 28-இல் எங்கள் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் தெருத்தெருவாகப் பிள்ளைகள் வண்டியேறினார்கள். சயனைட் மேட்டின் நிழலில், லைன் வீட்டு வாயில்களில் அமர்ந்து அவர்களை எதிர்பார்த்த தாய்மாரை யாம் அறிவோம். எம் தாயாரும் அவர்களுள் ஒருவர். அரோரா கிளம்பும் காட்சியைக் கண்ட தந்தையார், "திரும்பி வரும் வண்டி எத்தனை மணிக்கு?" என்றே கேட்டார். "அதெல்லாம் கிடையாது தாத்தா" என்றான் மகன். இவ்வாண்டு படிப்பு முடிகிறது; புனேயில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான். அன்று அவன் அவ்விடையைச் சற்று மெல்லச் சொல்லியிருக்கலாம் என்று எமக்குப்பட்டது.

நூலாசிரியர் குளுகோவ்ஸ்கி தம் நாட்டின் உக்ரைன் போரைக் கண்டித்தமைக்காக 2023-இல், அவர் இல்லாத இடத்திலேயே, எட்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்றார். 2022-இல் குண்டுமழை தொடங்கியபோது கீவ் மக்கள் தம் சுரங்க ரயில் நிலையங்களில் பாய் விரித்துப் படுத்தனர். ஆட்டம் பிறந்த ஊரே ஆட்டத்தின் களமாயிற்று. அதன்பின் முதல் ஆட்டத்தை மறுமுறை ஆடியபோது, நிலையங்களில் சமையல் செய்பவர், பிள்ளையைத் தூங்கவைப்பவர் ஆகியோரருகே கூடுதல் நேரம் நின்றோம். அவர்கள் பேச்சை நின்று கேட்பதற்கும் மறைவாக மதிப்பெண் உண்டு என்பது அப்போது நினைவில் இல்லை.

ஆட விரும்பும் அன்பர்க்குச் சில குறிப்பு. இவை பதினெட்டு வயது நிரம்பியோர்க்கு உரியன. சிறுவர் கண்படும் கூடத்தில் வேண்டா. முதலிரண்டையும் சீர்செய்து 'ரிடக்ஸ்' என 2014-இல் வெளியிட்டனர். பழைய கணினி உடையோர் அதிலிருந்து தொடங்கலாம். எக்ஸோடஸுக்கு வலுவான கணினி வேண்டும். எங்கள் வீட்டிலுள்ளது மகனுடையது. அவன் புனே சென்றால் அதுவும் செல்லும். எனவே நோவோசிபிர்ஸ்க் பகுதியை இம்மாத இறுதிக்குள் தந்தையார்க்கு ஒருமுறை முழுதும் காட்டிவிட எண்ணியுள்ளோம்.