காசான் காட்டும் வரி

கோப்பு முறைமை நிரல் ஒன்று, தான் விடுவித்துவிட்ட நினைவகத்தில் தவறிப்போய் எழுதிவிடுகிறது. உடனே எதுவும் ஆவதில்லை. பிறகு, சம்பந்தமே இல்லாத நெட்வொர்க் நிரல் விழுகிறது. பழியும் அதன்மேல் விழுகிறது. 2015-இல் வந்த லினக்ஸ் கெர்னல் 4.0-இல் சேர்ந்த காசான் (KASAN) என்ற நினைவகப் பிழை பிடிக்கும் கருவி, இந்தத் தவறைக் கையும் களவுமாகப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது.

அதன் வேலை எளிமையானது. கெர்னல் நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 நிழல் பைட். 13 பைட் கேட்டால் கெர்னல் 16 பைட் துண்டு ஒன்றைத் தருகிறது. முதல் நிழல் பைட்டில் 0, அதாவது எட்டும் உங்களுடையவை, இரண்டாவதில் 5. பதினான்காவது பைட்டைத் தொட்டதும் கம்பைலர் செருகிய சோதனை கத்திவிடும். காசான் இல்லாத சாதாரண கெர்னலில் இப்படித் தாண்டுவது யார் கண்ணிலும் படாது. விடுவித்த நினைவகத்தைத் தொட்டால், தொட்டது யார், ஒதுக்கியது யார், விடுவித்தது யார் என்று மூன்று அழைப்புத் தடங்களும் அறிக்கையில் வரும். பிழை தேடுபவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

விலையும் உண்டு. நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு நிழலுக்கே போகிறது, வேகமும் குறைகிறது. ஒரே கட்டமைப்புக்குள் ஒரு புலம் அடுத்த புலத்தில் வழிந்தால் காசானுக்குத் தெரியாது. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். என் குறை வேறு: அது காட்டும் வரியைத் திருத்தினால் போதும் என்ற பழக்கம்.

எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் கோப்பகப் பதிவை எடுத்துக்கொள்வோம். அடுத்த பதிவு எவ்வளவு தூரத்தில் என்பதை ஒவ்வொரு பதிவிலும் 2 பைட் எண் சொல்கிறது. வட்டில் அந்த எண் கெட்டிருந்தால், அதை நம்பிப் போகும் நிரல், அந்தப் பதிவுகள் இருக்கும் வட்டுத் தொகுதியின் எல்லையைத் தாண்டும். காசான் தாண்டிய வரியைக் காட்டும். அங்கே ஒரு ‘இஃப்’ போட்டால் எச்சரிக்கை அடங்கும். ஆனால் அதே எண்ணைக் கோப்பைத் தேடும் நிரலும் படிக்கிறது, அழிக்கும் நிரலும் படிக்கிறது. எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை செய்வதுபோல், தொகுதி வட்டிலிருந்து வந்ததும் வாசலிலேயே சோதிப்பதுதான் முறை. அதுவும் முழுக் காப்பல்ல. மவுன்ட் ஆன வட்டில் பின்புறமாக வேறொரு நிரல் எழுதினால், சோதித்தபின் தரவு மாறிவிடும். அதைத் தடுக்கும் தெரிவு 2024-இல், லினக்ஸ் 6.8 பதிப்பில்தான் வந்தது.

கெர்னல் பிழைகளைத் தேடும் சிஸ்பாட் தானியங்கி இப்படிக் கெடுத்த வட்டுப் படிமங்களை ஓயாமல் அனுப்புவதால் பராமரிப்பாளர்கள் சலித்துக்கொள்கிறார்கள். சலிப்பு நியாயம்தான். ‘மவுன்ட் செய்ய ரூட் உரிமை வேண்டுமே’ என்று அவர்கள் சொல்லும் வாதத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. செருகிய யுஎஸ்பியைத் தானே மவுன்ட் செய்யும் டெஸ்க்டாப்கள் எத்தனையோ. அதே சமயம் சிஸ்பாட்டின் சான்றையும் மிகையாக நம்பக் கூடாது: பேட்ச் ஒன்றைச் சோதித்து, பிழை மீண்டும் வரவில்லை என்று சிஸ்பாட் சொல்வதன் பொருள், அந்த ஒரு சோதனை நிரலில் வரவில்லை என்பது மட்டுமே.

ஆகவே, பேட்ச் அனுப்புகிறவர்கள் ‘காசான் எச்சரிக்கை போய்விட்டது’ என்று எழுதி நிறுத்த வேண்டாம். எந்த எண் கெட்டிருந்தது, அதை முதலில் நம்பிய இடம் எது, வேறு யாரெல்லாம் அதை நம்புகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். அது இல்லாத பேட்சைப் பராமரிப்பாளர்கள் திருப்பி அனுப்புவதே சரி.