இரு பக்கமும் கைப்பிடி

படிக்கட்டு பற்றிய ஒரு விதி தேறுமா என்று அறிய வேண்டுமானால், பக்கவாதம் வந்து மீண்ட ஒருவரை அதன்மீது நடக்கவிட்டுப் பார்க்கலாம். இடது கை விளங்காதவர் ஏறும்போது வலப்புறக் கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறார். அதே படியில் இறங்கும்போது அவரது வலக்கைக்கு வேண்டியது எதிர்ப்புறக் கைப்பிடி. ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி உள்ள கட்டடம் அவரை மேலே ஏற்றிவிட்டு அங்கேயே நிறுத்திவிடுகிறது.

மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2016 பிப்ரவரியில் வெளியிட்ட ஒருங்கிணைந்த வழிகாட்டு நெறிகள் இந்தச் சோதனையில் தேறுகின்றன. இரு புறமும் கைப்பிடி, அதுவும் 900, 760 மில்லிமீட்டர் என இரண்டு உயரங்களில். 38 முதல் 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் குழாய். படி 150 உயரம், 300 அகலம். கைப்பிடி முதல் படிக்கு முன்னும் கடைசிப் படிக்குப் பின்னும் 300 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். எந்த எண்ணும் அலங்காரத்துக்காகச் சொன்னதல்ல. இறங்குபவரின் கை உடலுக்குச் சற்று முன்னே போகிறது. கடைசிப் படியோடு வெட்டி முடித்த கைப்பிடி, கால் இன்னும் ஒரு படி இறங்க வேண்டிய நேரத்தில் கையைக் கைவிடுகிறது. படிக்கட்டு விபத்துகளில் பெரும்பாலானவை இறங்கும்போது நேர்பவை என்பதால், அந்த 300 மில்லிமீட்டர் இந்த நூலின் மிக நுட்பமான வரி என்பேன்.

குழாயின் விட்டமும் அப்படித்தான். படியோரம் அரைச்சுவர் எழுப்பி, மேலே கிரானைட் பலகை பதிப்பது நம் பக்கத்துப் பொதுக்கட்டட வழக்கம். அந்தச் சுவர் விழாமல் தடுக்கும். பிடித்து நிற்க உதவாது. அரையடிக்கும் மேல் அகலமுள்ள பலகையை எந்த விரலும் சுற்றி வளைக்க முடியாது. உள்ளங்கை அதன்மேல் படுத்துக்கிடக்கும், கால் வழுக்கினால் கையும் சேர்ந்து வழுக்கும். தடுப்பும் பிடிப்பும் இருவேறு பணிகள் என்பதை நெறிநூல் உணர்ந்திருக்கிறது. நம் வரைபடங்களில் பல இன்னும் உணரவில்லை.

நிறை இவ்வளவு இருந்தும் நூலுக்குள் தரவரிசை கிடையாது. உயிர்காக்கும் வரியும் இருந்தால் நல்லது என்னும் வரியும் ஒரே குரலில் ஒலிக்கின்றன. இன்னொரு முரண் அதைவிடப் பெரிது. அதே அமைச்சகம் அதே 2016இல் தந்த மாதிரிக் கட்டட விதிகள், வாயிலருகே உள்ள ஒரு படிக்கட்டை மட்டும் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கி, அதற்கு 1350 மில்லிமீட்டர் அகலமும் ஒரு தொடரில் 12 படிகள் என்ற வரம்பும் சொல்கின்றன. ‘அவர்களுக்கு ஒரு படிக்கட்டு’ என்பதும் ‘எல்லாப் படிக்கட்டும் எல்லாருக்கும்’ என்பதும் ஒரே கோட்பாட்டின் இரு வடிவங்கள் ஆகா. 2021இல் வந்த திருத்திய நெறிகள் தலைப்பிலேயே அனைவருக்குமான அணுகல் என்று அறிவித்து இரண்டாவதன் பக்கம் நின்றன. கருத்தளவில் அது முன்னேற்றம். சட்டவலு அப்போதும் வரவில்லை.

வலுவின்மையின் வேர் எங்கே என்பதை 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சரியாகக் காட்டியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் கட்டாயமொழியில் பேசுகிறது. தரம் பேணாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்று தரக்கூடாது என்கிறது 44ஆம் பிரிவு. அச்சட்டத்தின் கீழ் வந்த 2017ஆம் ஆண்டு விதிகளில் 15ஆம் விதியோ அந்தத் தரத்தை வெறும் பரிந்துரை நெறிகளிடம் ஒப்படைத்துவிட்டது. நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கு முரண் என்று சொல்லி, விட்டுக்கொடுக்கக் கூடாதவற்றைத் தனியே பிரித்துக் கட்டாய விதி இயற்ற மூன்று மாதம் கெடு வைத்தது. தீர்ப்பின் சிறப்பு இந்தப் பிரிப்பு முறைதான். எவை அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்பதை அது நிர்வாகத்திடம் விட்டது. நீதிமன்றம் அளவுநாடாவைக் கையில் எடுக்க வேண்டியதில்லை என்பதால் இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் சண்டை இனி நடக்கப்போவது அந்தப் பட்டியலில்தான்.

பட்டியலைச் சென்னையின் தாம்பரத்தில் வைத்து யோசிப்பது பயன்தரும். இங்கே கிழக்கும் மேற்கும் ரயில் பாதையால் பிரிந்தவை. பாதையைத் தாண்டுவதென்றால் நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். மின்படி பெரும்பாலும் ஏறுவதற்குத்தான் வைக்கப்படுகிறது, ஆபத்து அதிகமுள்ள இறக்கம் சாதாரணப் படிக்கு விடப்படுகிறது. மாலை நெரிசலில் அகலமான படிக்கட்டின் நடுவில் மாட்டிக்கொண்ட முதியவருக்கு ஓரக் கைப்பிடிகள் இருந்தும் இல்லாதவைதான். நடுக்கைப்பிடி இல்லாத அகலத்தை வசதி என்று கணக்கில் எழுதுவது தவறு. 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்குப் பழைய கட்டடம் என்ற சாக்குக்கூட இல்லை. சட்டம் வந்து ஏழாண்டுக்குப் பின் திறந்த இடத்திலேயே மாற்றுத்திறனாளர் அமைப்புகள் குறை சுட்ட வேண்டியிருந்தது என்றால், கோளாறு அளவில் அல்ல, சரிபார்க்கும் முறையில்.

தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர்ப் பக்கம் வேறு சிக்கல். 2015 வெள்ளத்துக்குப் பின் அடித்தளத்தை உயர்த்திக் கட்டுகிறார்கள். கிளினிக், வங்கி, கடை எல்லாவற்றுக்கும் வாசலில் நாலைந்து படி, பெரும்பாலும் கைப்பிடியின்றி. பிறகு சாலையைச் சுரண்டாமல் மேலே தார் போட்டால் முதல் படி பாதி மண்ணுக்குள் போகிறது. எல்லாப் படியும் ஒரே உயரம் என்ற விதி கட்டடக்காரர் மீறாமலே செத்துப்போகிறது. நெறிநூல்கள் கட்டடத்தை முடிந்த வரைபடமாகவே பார்க்கின்றன. தெருவோடு சேர்ந்து அது மாறிக்கொண்டே இருப்பதை அவற்றின் முறையியல் கண்டுகொள்வதில்லை. ஒருமுறை தரும் நிறைவுச் சான்றுக்கு இது எட்டவே எட்டாது. குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுதணிக்கை தேவை.

சாய்தளம் இருந்தால் போதும் என்று வாதிடுவோர் உண்டு. சக்கர நாற்காலிக்கு அது இன்றியமையாதது. 1:12 சரிவில் ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நடக்க வேண்டும். மூட்டு தேய்ந்தவருக்கும் ஊன்றுகோல்காரருக்கும் நல்ல கைப்பிடியுள்ள ஆறேழு படியே மேல். ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்க முடியாது.

அளவுகளில் நெறிநூல்கள் நம்பத் தகுந்தவை, அமைப்பில் தளர்ந்தவை, அமலில் தோற்றவை. பழைய கட்டடங்களைச் சீராக்கச் சட்டம் தந்த ஐந்தாண்டு 2022 ஜூனோடு முடிந்தது. சாய்தளத்துக்கும் மின்தூக்கிக்கும் இடமில்லை, பணமில்லை என்று தவணை கேட்கலாம். கேட்பதில் நியாயமும் இருக்கலாம். இருபுறக் கைப்பிடி, அதன் 300 மில்லிமீட்டர் நீட்சி, படிவிளிம்பில் மாறுநிறப் பட்டை ஆகிய மூன்றுக்கும் தவணை தரக்கூடாது. ஒரு வெல்டரும் ஒரு பெயின்டரும் சில நாளில் முடிக்கும் வேலை. தண்டனைப் பிரிவையும் கூடவே திருத்த வேண்டும். அதே சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி முதல் மீறலுக்கு அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். ஒரு மாடிப் படிக்கட்டின் மறுபக்கத்துக்கு எஸ்.எஸ். பைப் போடும் செலவே அதைத் தாண்டிவிடலாம்.